மலையில் எழுதிய சத்தியம்

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் வழக்கம்போல் கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒல்லியாக ஒரு பையன் எழுந்தான். "ஸார், கதை எழுதுகிறவர்கள் பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள்தானே? பொய்யால் வந்த சொத்து நல்ல சொத்தாக முடியுமா?" என்று கேட்டான்.

சபையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். "தம்பி, நான் பொய் சொல்லப் போகிறேன் என்று அட்டையிலேயே 'நாவல்' என்று அச்சடித்து எச்சரித்துவிடுகிறேனே! இப்படிச் சொல்லிவிட்டுப் பொய் சொல்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?" என்றேன். கைதட்டல் கிடைத்தது. பிறகு காப்பியும் கிடைத்தது.

ரெயிலில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பையன் கேட்டவை இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதை நைசாக நழுவவிட்டிருந்தேன். பொய்யால் வந்த சொத்து நல்ல சொத்தாக முடியுமா? அதை அப்புறம் நல்ல காரியத்துக்கே பயன்படுத்தினால் அதன் பிறப்புக் குற்றம் தீர்ந்துவிடுமா? மேல் பெர்த்தில் படுத்தபடி அன்று இரவு இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கோ மேற்கு ஈரானில் இருக்கும் ஒரு மலை என் நினைவுக்கு வந்தது.

அந்த மலைக்குப் பெஹிஸ்தூன் என்று பெயர். கெர்மான்ஷா நகரத்துக்குப் பக்கத்தில், பழைய ராஜபாட்டையின் ஓரமாகச் செங்குத்தாக நிற்கிறது. அதன் பாறை முகத்தில், தரையிலிருந்து 60 மீட்டருக்கும் மேலே, பாரசீகச் சக்கரவர்த்தி தாரியஸ் தன் கதையைச் செதுக்கி வைத்திருக்கிறான். பழைய பாரசீகம், ஏலாமியம், பாபிலோனியம் என்று மூன்று மொழிகளில். நடுவில் ஒரு சிற்பம். கையில் வில்லேந்தி நிற்கும் தாரியஸின் இடது காலடியில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். எதிரே, கைகள் பின்னால் கட்டப்பட்டு, கழுத்தில் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்ட அரசர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

அந்தக் காலடியில் கிடப்பவன் யார் என்பதுதான் கேள்வி.

தாரியஸ் சொல்லும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரசீகப் பேரரசை நிறுவிய மகா சைரஸ் கி.மு. 530-இல் இறந்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் காம்பைசஸ், இளையவன் பர்தியா. பட்டத்துக்கு வந்த மூத்தவன், தம்பியை ரகசியமாகக் கொன்றுவிட்டு எகிப்தின்மேல் படையெடுத்துப் போனான். தம்பி செத்துப்போனது ஜனங்களுக்குத் தெரியாது. அரசன் ஊரில் இல்லாத அந்தச் சமயத்தில் கௌமாதா என்ற மாகியப் பூசாரி ஒருவன், "நான்தான் பர்தியா" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான். கி.மு. 522-இல் சிம்மாசனமும் ஏறிவிட்டான். அதே ஆண்டில் காம்பைசஸ் இறந்துபோனான். கௌமாதாவை எதிர்த்து வாய் திறக்க ஒருவருக்கும் தைரியமில்லை. கடைசியில் தாரியஸ் ஆறு பிரபுக்களின் துணையோடு புறப்பட்டு, மீதிய நாட்டுக் கோட்டை ஒன்றில் அந்த வேஷக்காரனைக் கொன்றான், ராஜ்யத்தை மீட்டான். அப்புறம் நாடெங்கும் வெடித்த கலகங்களை ஓராண்டுக்குள் 19 போர்களில் அடக்கி, ஒன்பது அரசர்களைப் பிடித்தான்.

ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, ராலின்ஸன் என்பவர், 1835-இல் தொடங்கி உயிரைப் பணயம் வைத்து ஏணியிலும் பாறை விளிம்பிலும் தொற்றிக்கொண்டு இந்த எழுத்துகளைப் படியெடுத்தார். ஆப்பெழுத்தின் பூட்டு திறந்ததற்கு இந்தப் பாறை ஒரு முக்கியமான சாவி. அப்படிக் கிடைத்த கதையை நாம் நம்புவதா, வேண்டாமா?

நான் சரித்திர ஆராய்ச்சியாளன் அல்ல. கதை எழுதுகிறவன். ஆனால் பொய்யை எப்படிக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கல்வெட்டில் சில இடங்கள் உறுத்துகின்றன.

கௌமாதா எந்த மலையிலிருந்து கிளம்பினான், எந்த மாதம் எத்தனையாம் தேதி பட்டமேறினான், பாகயாதி மாதத்துப் பத்தாம் நாள் எந்தக் கோட்டையில் செத்தான் என்பதெல்லாம் மிகத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் உண்மையான பர்தியா எந்த நாளில், எந்த ஊரில் செத்தான் என்பது மட்டும் இல்லை. கதை முழுவதும் எந்த ஆணியில் தொங்குகிறதோ அந்த ஆணியையே காணோம்! இன்னொன்று. இதைப் படிக்கிறவர்கள் பொய்யென்று எண்ணிவிடக் கூடாது என்று தாரியஸ் திரும்பத் திரும்ப வேண்டிக்கொள்கிறான். கடவுள்மேல் ஆணை வைக்கிறான். நம்ப மாட்டார்கள் என்பதற்காகவே இன்னும் பல செயல்களை எழுதாமல் விட்டதாகச் சொல்கிறான். என் நாவலில் ஒரு பாத்திரம் மூன்று தரம் "நான் பொய் சொல்லவில்லை" என்று சொன்னால், வாசகர்கள் நான்காவது தரத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

தாரியஸின் வம்சக் கணக்கும் அப்படித்தான். தனக்கு முன் தன் குடும்பத்தில் எட்டுப் பேர் அரசராக இருந்தார்கள், தான் ஒன்பதாவது என்கிறான். அகேமனஸ் என்ற மூதாதையின் வழியில் சைரஸும் தானும் ஒரே குலம் என்கிறான். ஆனால் தாரியஸ் பட்டமேறியபோது அவன் தகப்பன் ஹிஸ்டாஸ்பஸும் உயிரோடிருந்தான்; பாட்டன் அர்சாமஸும் உயிரோடிருந்தான். இதை அவனே சூசா நகரத்துக் கல்வெட்டில் சொல்லுகிறான். உரிமை ரத்தத்தால் வந்ததானால், தகப்பனையும் பாட்டனையும் தாண்டி அது பேரனுக்கு எப்படி வந்தது? சைரஸ் பாபிலோனைப் பிடித்த பின் எழுதுவித்த களிமண் உருளையில் தன் முன்னோர்களை வரிசையாகச் சொல்கிறான். அந்த வரிசை தைஸ்பஸ் என்பவனோடு நின்றுவிடுகிறது. அகேமனஸின் பெயரே அதில் இல்லை. இன்று நாம் 'அகேமனிய வம்சம்' என்று சொல்லுகிறோமே, அந்தப் பெயரையே நமக்குப் பழக்கிவிட்டவன் தாரியஸ்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் வைத்து, தாரியஸ் கொன்றது பூசாரியை அல்ல, சைரஸின் சொந்தப் பிள்ளையான பர்தியாவையே என்று 1938-இல் ஓல்ம்ஸ்டெட் என்ற அமெரிக்க அறிஞர் வாதாடினார். அவருக்குப் பின் பலரும் அந்தச் சந்தேகத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; தாரியஸின் வார்த்தையை ஏற்பவர்களும் இருக்கிறார்கள். கிரேக்கச் சரித்திரக்காரர் ஹெரடோட்டஸும் வேஷக்காரன் கதையைத்தான் சொல்கிறார். பர்தியாவை அவர் ஸ்மெர்டிஸ் என்கிறார். ஆனால் அவர் கணக்கில் கொலை நடப்பது எகிப்துப் படையெடுப்புக்கு முன்னால் அல்ல, பின்னால். அதோடு, அந்த வேஷக்காரன் செத்தபோது பாரசீகர்களைத் தவிர ஆசியா முழுவதும் அவனுக்காக வருந்தியது என்றும் எழுதியிருக்கிறார். ஏனென்றால் அவன் மூன்று வருஷத்துக்கு வரியையும் படைச் சேவகத்தையும் தள்ளுபடி செய்திருந்தானாம்.

அதே ஹெரடோட்டஸ் இன்னொன்றும் சொல்கிறார். பாரசீகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வயது முதல் இருபது வயது வரை மூன்றே மூன்று பாடங்கள்தான் சொல்லிக்கொடுப்பார்களாம்: குதிரை ஏறுவது, வில் எய்வது, உண்மை பேசுவது. பொய்யை அவர்கள் அவ்வளவு இழிவாக நினைத்தார்கள். தாரியஸின் கல்வெட்டிலும் சகல கேடுகளுக்கும் காரணம் பொய்தான். காம்பைசஸ் எகிப்துக்குப் போன பிறகு நாட்டில் பொய் பெருகிவிட்டது என்றுதான் கதையே ஆரம்பமாகிறது. உலகத்திலேயே பொய்யை எதிர்த்து இவ்வளவு பெரிய எழுத்தில், இவ்வளவு உயரத்தில் எழுதியவர்கள் அதிகம் பேர் இல்லை. எழுதிய அந்த ஆசாமியே பொய் சொல்லியிருக்கலாம் என்பதுதான் விசித்திரம்.

சரி, பொய் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். தாரியஸ் சாதாரண அரசனா? 36 ஆண்டுகள் ஆண்டான். சிந்து நதியிலிருந்து ஏஜியன் கடல் வரை பரந்த ராஜ்யத்தை மாகாணங்களாகப் பிரித்து, இவ்வளவு வரி என்று கணக்காக நிர்ணயம் செய்தான். பொன் நாணயம் அடித்தான். சூசாவிலிருந்து சார்டிஸ் வரை போன ராஜபாட்டையில் அஞ்சல் குதிரைகள் பறந்தன. நைல் நதியையும் செங்கடலையும் கால்வாயால் இணைத்தான். எருசலேமில் யூதர்களின் கோவில் மறுபடி எழும்பியது அவன் ஆட்சியில்தான். இப்படிப்பட்டவன் சிம்மாசனத்துக்கு வந்த வழி கொஞ்சம் கோணலாக இருந்தால் போகட்டுமே! ஒரு உயிர், ஒரு பொய். பதிலுக்கு லட்சக்கணக்கான பேருக்கு ஒழுங்கான ஆட்சி. வியாபாரம் லாபம்தானே?

நானும் வெகு காலம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அபிப்பிராயத்தை மாற்றியவள் பார்மிஸ்.

பார்மிஸ் யார் என்கிறீர்களா? பர்தியாவின் மகள். தாரியஸ் பட்டமேறியதும் சைரஸின் ரத்தத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வதற்காகச் செய்துகொண்ட திருமணங்களில் ஒன்று இவளோடு நடந்தது. சைரஸின் பெண்களான அட்டோசாவையும் ஆர்டிஸ்டோனையும் மணந்தவன், பேத்தியான பார்மிஸையும் மணந்தான். ஒரு பிள்ளையும் பிறந்தது. இவளைப் பற்றி ஹெரடோட்டஸ் எழுதியிருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு போதும். கல்வெட்டு நிஜமானால், இவள் தகப்பனைக் கொன்றவன் பெரியப்பா. கல்வெட்டு பொய்யானால், இவள் தகப்பனைக் கொன்றவன், தினமும் இவள் முகத்தில் விழிக்கும் புருஷன். சரித்திரக்காரர்களுக்கு இது ஒரு புதிர். விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு இரவு சோறு இறங்கும். பார்மிஸுக்கு இது புதிர் அல்ல, அவள் வீடு. தாரியஸ் வெட்டிய கால்வாயில் எகிப்துக்காரன் படகு விட்டான். அவன் போட்ட பாதையில் அஞ்சல்காரன் குதிரை ஓட்டினான். நல்லதுதான். ஆனால் அதில் எந்தக் காசு பார்மிஸின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது?

இங்கேதான் அந்த வியாபாரக் கணக்கு தவறுகிறது என்று நினைக்கிறேன். கடன் வாங்கியது ஒருவரிடம். திருப்பிக் கொடுத்தது வேறு ஒருவரிடம். ஊருக்குக் குளம் வெட்டினால் புண்ணியம் உண்டு. ஆனால் அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கிய கடன் அதனால் அடைந்துவிடாது. நல்லாட்சி செய்தான் என்பதற்காக அவன் சொன்னது மெய்யாகிவிடாது. பொய் சொன்னான் என்பதற்காக அவன் செய்த நன்மைகள் இல்லையென்று ஆகிவிடாது. இரண்டும் இரண்டு ஏடுகள். ஒன்றின் வரவை இன்னொன்றின் செலவில் எழுத முடியாது.

பர்தியாவின் கதைக்குப் பின் அந்த வம்சம் போன போக்கையும் பாருங்கள். தாரியஸின் மகன் செர்க்ஸஸ் கி.மு. 465-இல் படுக்கையறையில் கொலையுண்டான். அவன் மூத்த மகன்மேல் பழியைப் போட்டு, தம்பி அர்தசெர்க்ஸஸ் அண்ணனைக் கொன்று பட்டமேறினான். அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளை 45 நாள் ஆண்டான். அவனைச் சகோதரன் கொன்றான். அந்தச் சகோதரனை இன்னொரு சகோதரன் கொன்றான். கி.மு. 401-இல் குனாக்ஸாவில் தம்பி அண்ணன்மேல் படையெடுத்து வந்து மாண்டான். இதற்கெல்லாம் விதை தாரியஸ்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிம்மாசனம் இருக்கும் இடத்தில் கத்தியும் இருக்கும். ஆனாலும், கடைசியாகக் கதை சொல்கிறவனுக்கே ராஜ்யம் என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகள் மலையிலேயே பெரிய எழுத்தில் படித்திருக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் சொந்தக் கணக்கையும் சொல்லாமல் விட்டால் அந்தக் கல்லூரிப் பையனை இரண்டாம் முறை ஏமாற்றியவன் ஆவேன்.

என் தகப்பனார் இறந்த இரவில் அவர் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அண்ணா பம்பாயில் இருந்தார். தாம் விரும்பிய பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அப்பா அவரோடு ஒன்பது வருஷம் பேசவில்லை. தந்தி போல அவசரச் செய்தி போயும், அண்ணா வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், அப்பா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?" என்றார்.

அப்பா கேட்கவில்லை. அப்பா கடைசியாகப் பேசியது, "தொழுவத்துக் கதவைச் சாத்தினாயா?" என்பதுதான்.

"கேட்டார் அண்ணா. உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டேதான் கண்ணை மூடினார்" என்றேன்.

அந்த நிமிஷத்தில் அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. தாகத்தால் தவித்தவருக்குத் தண்ணீர் கொடுத்தது போல்தான் இருந்தது. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்க்கும் உண்மையின் பக்கத்தில் இடம் உண்டு என்று வள்ளுவரே அனுமதி கொடுத்திருக்கிறார் அல்லவா? அந்த அனுமதியைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்தது. உறவினர்கள் பாகப் பேச்சை எடுத்தார்கள். அண்ணா சொன்னார்: "வீடு அவனுக்கே இருக்கட்டும். அப்பா கடைசியில் என் பேரைச் சொன்னாரே, அதுதான் என் பங்கு." சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பேனா கசியவில்லை என்று என் பேனாவையே எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் சொன்ன பொய் கருணையால் சொன்னது. அதைப் பற்றி இன்றும் எனக்குப் பெரிய வெட்கமில்லை. வெட்கம் அந்தப் பேனாவைப் பற்றித்தான். அதுவரை என் பொய் அண்ணாவுக்கு வேலை செய்துகொண்டிருந்தது; அன்று முதல் எனக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வள்ளுவர் கொடுத்த அனுமதியில் 'குற்றமில்லாத' என்றொரு நிபந்தனை இருந்ததை நான் மடித்து வைத்த பக்கத்தில் சௌகரியமாக மறைத்துவிட்டேன். என் நாவல்களில் பலவற்றை அந்த வீட்டு மாடியில்தான் எழுதினேன். இரண்டு ஏழைப் பிள்ளைகளை அதே வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேன். நல்ல காரியங்கள்தான். ஆனால் என் கால்வாயில் அண்ணாவின் படகு ஓடவில்லை.

"அப்படியானால் பாதி வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே, பழைய பேச்சு எதற்கு?" என்று நீங்கள் நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். போன வருஷம் சொன்னேன். அண்ணா சிரித்தார். "எனக்கு எதற்கடா? அப்பா என் பேரைச் சொன்னாரே!" என்றார். பொய்யை வைத்துக்கொண்டு அதன் லாபத்தை மட்டும் திருப்பித் தர முடியவில்லை. உண்மையைச் சொன்னாலோ, இத்தனை வருஷமாக அவர் நெஞ்சில் வைத்திருக்கும் ஒரே நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டவன் ஆவேன். என் மனசின் அழுக்கைக் கழுவ, அவர் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை எடுப்பது நியாயமா?

இதற்குப் பதில் தெரியாமல்தான் அந்த ரெயிலில் புரண்டுகொண்டிருந்தேன். விடிகிற சமயத்தில் எனக்குத் தோன்றியது இது. அந்த நிம்மதி அவருடையதுதான். ஆனால் அதற்கு அவர் ஒரு விலை கொடுத்திருக்கிறார். எதை வாங்கினோம் என்று தெரிந்துகொள்ள விலை கொடுத்தவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவர் சார்பில் நானே தீர்மானித்துக்கொண்டிருந்தேன். பார்மிஸுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று தாரியஸ் தீர்மானித்த மாதிரி.

இன்னொன்றும் தோன்றியது. அன்று வாசலில் நான் சொல்லியிருக்கக் கூடிய உண்மை, நான் பயந்த அளவுக்குக் கொடியது அல்ல. அப்பா அண்ணாவின் பேரைச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. தொழுவத்துக் கதவைக் கேட்ட மனுஷரின் மனசில் அதற்கு முன்னால் என்ன ஓடியது, யார் கண்டார்கள்? எனக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, தெரியாத இடத்தை அண்ணாவுக்கே விட்டிருக்கலாம். நான் அந்த இடத்தையும் நிரப்பிவிட்டேன். கதை எழுதுகிற புத்தி!

பெஹிஸ்தூன் எழுத்துகளைக் கீழே நிற்கிறவர்கள் படிக்க முடியாது. தாரியஸ் அதன் நகல்களை மாகாணங்களுக்கு அனுப்பினான் என்பது உண்மை. ஆனால் பாறையில் உள்ளதை யாரும் எட்டித் தொட முடியாது. ஒரு எழுத்தைக்கூட மறுத்துப் பக்கத்தில் எழுத முடியாது. பொய்யோ மெய்யோ, மறுப்புக்கு எட்டாத உயரத்தில் எழுதுவதைச் சத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு அது உரியதோ அவர் கைக்கு எட்டும் உயரத்தில் எழுத வேண்டும்.

ஆகையால் இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பப் போவதில்லை. முதல் பிரதி அண்ணாவுக்குப் போகிறது, அதோடு பாதி வீட்டுக்கான பத்திரமும். அவர் இதை மறுக்கலாம், திருத்தலாம், கிழித்துப் போடலாம். வேண்டாம் என்றால் இது அச்சில் வராது.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அவர் படித்துவிட்டார் என்று அர்த்தம்.